ஒரு மில்லிமீட்டர் கோபம்

திண்டுக்கல் வட்டாரத்தில் கோபக்காரர்களுக்குக் குறைவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரத்துக்காகக் கோபப்படுகிறவர்கள், பந்தியில் இரண்டாம் தடவை கறி வராததற்குக் கோபப்படுகிறவர்கள், விடிந்ததும் காரணமில்லாமல் கோபத்தோடு பல் விளக்குகிறவர்கள் என்று எல்லா ரகமும் உண்டு. ஆனால் நானூறு வருஷத்துக்கு முன்னால் வெடித்துச் செத்துப்போன ஒரு நட்சத்திரத்தின் பொருட்டுக் கோபப்பட்டவர், தெரிந்தவரையில், சகாயராணி ஒருவர்தான். அவருடைய வாழ்க்கைக் குறிப்பை யாராவது எழுதிவைப்பது நாட்டுக்கு நல்லது.

பிறந்தது வெள்ளோட்டில். முதல் கோபம் பன்னிரண்டாம் வயதில், மறைக்கல்வி வகுப்பில் வந்தது என்று குடும்பத்தார் சொல்கிறார்கள். மூன்று ஞானிகளுக்கு வழிகாட்டிய விண்மீனைப் பற்றி சிஸ்டர் நடத்திக்கொண்டிருந்தபோது, "அது வெடிச்ச நட்சத்திரமா இருக்குமா சிஸ்டர்?" என்று கேட்டார். சிஸ்டர் முட்டி போடச் சொன்னார். முட்டி போட்ட நிலையிலேயே இரண்டாவது கேள்வியும் வந்தது: "சரி சிஸ்டர், வெடிச்சதெல்லாம் பெறகு எங்க போகும்?" அதற்குப் பதில் கிடைக்கவில்லை, முட்டிவலி கிடைத்தது. கேள்வி கேட்டவரை முட்டி போட வைக்கும் இதே ஏற்பாடு பல்கலைக்கழகங்களிலும் நடைமுறையில் இருப்பதைப் பிற்பாடு கண்டபோது அவர் ஆச்சரியப்படவில்லை. கோபப்பட்டார்.

1992-ல் பழனி ரோட்டில் ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர் ஆனார். கணவர் ஆண்டனிராஜ் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளிக் கமிஷன் கடை வைத்திருந்தார், சாந்தமான மனிதர். ஒரு வீட்டில் ஒருவராவது சாந்தமாக இருந்தாக வேண்டுமே. பத்து வருஷம் பிள்ளைகளுக்கு ஒளிவிலகல் நடத்திக் களைத்த பிறகு, 2002-ல் சகாயராணி பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிவுசெய்தார். ஆராய்ச்சி விஷயம்: வெடித்த நட்சத்திரத்தின் மிச்சம் என்ன வேகத்தில் விரிகிறது என்பதை எக்ஸ்-கதிர்ப் படங்களைக் கொண்டு அளப்பது. அதாவது, அந்தப் பழைய முட்டிவலிக் கேள்விதான்.

விஷயம் கேட்பதற்குத்தான் மிரட்டும். 1604-ல் வானத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்தது. சிதறிய வாயு இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. போகிற வழியில் எதிர்ப்பட்டதையெல்லாம் முட்டித்தள்ளி, கோடிக்கணக்கான டிகிரிக்குச் சூடேறிக் கிடக்கிறது. அந்தச் சூட்டில் அது எக்ஸ்-கதிராக மின்னும். அந்தக் கதிரை நம் காற்று தரைக்கு விடாது. ஆகவே பூமிக்கு மேலே சுற்றுகிற ஒரு தொலைநோக்கி படம் எடுக்கிறது. எடுத்த படத்தைக் கொஞ்ச காலம் கழித்து, உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இன்டர்நெட்டில் போட்டுவிடுகிறார்கள். 'யார் வேண்டுமானாலும்' என்பதில் திண்டுக்கல்லும் அடக்கம் என்று கண்டுபிடித்ததுதான் சகாயராணியின் முதல் கண்டுபிடிப்பு.

2000-ல் எடுத்த படம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. ஓரம் பிய்ந்த ஊத்தப்பம் மாதிரி ஒரு வட்டம். அது விரிகிறதா என்று பார்க்க, சில வருஷம் கழித்து எடுத்த இன்னொரு படம் வேண்டும். மற்ற ஆராய்ச்சி மாணவர்கள் நெறியாளருக்காக மட்டும் காத்திருந்தார்கள். சகாயராணி நெறியாளருக்காகவும் நட்சத்திரத்துக்காகவும் காத்திருந்தார். இரண்டில் நட்சத்திரம்தான் வேகமாக நகர்ந்தது.

"ஏன் ராணி, நானூறு வருசமா விரியிறது இன்னும் நாலு வருசம் விரியட்டுமே. எதுக்கு இம்புட்டு அவசரம்?" என்றார் ஆண்டனிராஜ்.

"ஒங்க தக்காளி லோடு கேரளாவுக்கு நாலு நாள் லேட்டா போனா சும்மா இருப்பீகளா?"

"அது அழுகிரும்ல."

"இங்க நான் அழுகிக்கிட்டு இருக்கேன்."



2006-ல் இரண்டாவது படம் எடுக்கப்பட்டு, அடுத்த வருஷம் பொதுவுக்கு வந்தது. அதை இறக்க சகாயராணி பேகம்பூரில் ஜெய்தூன் பீவி நடத்திய பிரவுசிங் சென்டருக்கு நடையாய் நடந்தார். கோப்பு பெரிது; ஒயர் சிறிது.

"டீச்சர், ஒங்க நட்சத்திரம் பாதி எறங்குச்சு, கரண்டு போயிருச்சு. இனி மொதல்லேர்ந்துதான்" என்பார் ஜெய்தூன் பீவி.

"விட்ட எடத்துலேர்ந்து எறங்காதாம்மா?"

"எறங்காது டீச்சர். நேத்து ஒரு நிக்காஹ் போட்டாவும் இப்பிடித்தான். மாப்ள எறங்கிட்டாரு, பொண்ணு பாதி கழுத்தோட நின்னுபோச்சு."

ஒருவழியாக நட்சத்திரம் முழுக் கழுத்தோடு இறங்கியது. அளவெடுக்கும் முறை இது: மிச்சத்தைச் சுற்றி, எங்கோ வெகு தொலைவில், நகராத சில புள்ளிகள் படத்தில் தெரியும். இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து அந்தப் புள்ளிகளை ஆணி அடித்த மாதிரி பொருத்த வேண்டும். பிறகு வட்டத்தின் ஓரம் எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். வட்டத்தைப் பத்து சென்டிமீட்டர் அகலத்துக்கு அச்சடித்தால், அந்த ஆறு வருஷ விரிவு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். கடவுள் இதைவிடக் குறைவாகக் கொடுத்திருக்க முடியாது. தெற்கே கொஞ்சம் வேகம். வடக்கே அடர்ந்த வாயு குறுக்கே கிடப்பதால் மந்தம். சகாயராணிக்கு வடக்கின் மேல் தனிப் பரிவு. "பாவம், முட்டிக்கிட்டு நிக்கிது" என்பார்.

அவருக்குக் குறுக்கே கிடந்த அடர்ந்த வாயுவின் பெயர் முனைவர் பொன்னுத்துரை. நெறியாளர். எதைக் கொண்டுபோனாலும் "பாத்துக்கலாம்மா" என்று வாங்கி மேசை இழுப்பறைக்குள் வைப்பார். அந்த இழுப்பறைக்குள் போன எதுவும் வெளியே வந்ததாக வரலாறு இல்லை. அளவெடுத்து எழுதிய கட்டுரையும் அதற்குள் போனது. 2008-ல் வெளிநாட்டில் இரண்டு குழுக்கள் அதே மிச்சத்தை அளந்து ஆளுக்கொரு கட்டுரை வெளியிட்டுவிட்டார்கள். பொன்னுத்துரை தாமே சகாயராணியைக் கூப்பிட்டுக் கைகுலுக்கினார்.

"பாத்தீங்களாம்மா, நம்ம ரிசல்ட்டு சரிதான்னு அவங்களே சொல்லிட்டாங்க!"

அன்று மாலை ஆண்டனிராஜ் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த ஒரு கூடைத் தக்காளி முழுவதும் சட்னியானது. நான்கு நாள் அந்த வீட்டில் வேறு வெஞ்சனம் கிடையாது.

இனிச் செய்ய மிச்சமிருந்தது ஆய்வேட்டைக் கொடுத்து வாய்மொழித் தேர்வில் தேறுவது மட்டும். பதிவுக் காலத்தை ஒருமுறை நீட்டியாகிவிட்டது. மறுமுறை நீட்ட விதி இல்லை. இதில் தவறினால் எல்லாம் ரத்து. புதிதாகப் பதிவுசெய்து, புதிதாக ஒரு நட்சத்திரத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

இந்த இடத்தில்தான் பிராங்கிளின் கதைக்குள் வருகிறான். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஷைனி கிராபிக்ஸ் என்று மகள் பேரில் கடை. கல்யாண பிளக்ஸ், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, காதுகுத்து, கட்சி வரவேற்பு, ஓய்ந்த நேரத்தில் ஆய்வேடு. அவன் தொழிலுக்கு ஒரே ஒரு வேதம்: ஒரே தாளில் இரண்டு படம் வந்தால் இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும். கல்யாண பிளக்ஸில் மாப்பிள்ளை தலை பொண்ணு தலையைவிடப் பெரிதாக இருந்து பந்தியில் பாத்திரம் பறந்திருக்கிறது. ஒருமுறை ஒரு கட்சியின் இரண்டு உள்ளூர்ப் பெரிய மனிதர்களை ஒரே சுவரொட்டியில் போட்டான். ஒருவர் முகம் ஒரு மில்லிமீட்டர் சிறுத்துவிட்டது. சிறுத்தவரின் ஆட்கள் கடைக்கு வந்து பிராங்கிளினின் மேல்வரிசைப் பல் ஒன்றைக் கையோடு கொண்டுபோனார்கள். அன்றைக்கு ஒரு ஸ்டீல் ஸ்கேல் வாங்கியவன், அது இல்லாமல் எதையும் அச்சுக்கு அனுப்பியதில்லை. இந்த ஊரில் நீதி, சமத்துவம் என்று ஏதாவது மிச்சமிருந்தால் அது அந்தக் கடையில்தான் இருந்தது.

சகாயராணி கடைசிப் பிழைதிருத்தம் முடித்து, "இனி ஒரு புள்ளிய மாத்தக் கூடாது, பைண்டிங்குக்கு அனுப்பிரு" என்று சொல்லிவிட்டுப் போனார். பிராங்கிளின் ஒரு புள்ளியையும் மாற்றவில்லை. ஆய்வேட்டின் உயிரான பக்கத்தில் மேலே 2000, கீழே 2006 என்று இரண்டு வட்டங்கள். கீழ்வட்டம் துருத்திக்கொண்டு நின்றது அவன் கண்ணில் பட்டது. நாக்கு தானாகப் பல் போன ஓட்டையைத் தடவிப் பார்த்தது. டீச்சர் நல்ல மனுசி, அவர் மானம் போகக் கூடாது என்று கீழ்ப்படத்தை மட்டும் லேசாகச் சுருக்கினான். இரண்டும் கச்சிதமாகப் பொருந்தின. நானூறு வருஷமாக எந்தச் சக்தியாலும் நிறுத்த முடியாத ஒரு வெடிப்பை, ஷைனி கிராபிக்ஸ் நிறுத்திவைத்தது.

பைண்டிங் பிரதிகளைச் சகாயராணி புரட்டிப் பார்த்திருக்கலாம். ஆனால் அன்று பொன்னுத்துரை கையெழுத்துப் போடாமல் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டார். அவரைத் தேடிப் பந்தியில் பிடித்து, இலை ஓரத்தில் வைத்துக் கையெழுத்து வாங்கிய கோபத்தில், பிரதிகளைத் திறக்காமலே பல்கலைக்கழகத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

வாய்மொழித் தேர்வு 2009 கோடையில், கல்லூரிக் கருத்தரங்கக் கூடத்தில் நடந்தது. இது தேர்வு என்று சட்டத்தில் இருக்கிறது. வழக்கத்தில் இது ஒரு சீர். கேசரியும் மிக்சரும் முன்கூட்டியே வந்துவிடும். நெறியாளருக்குப் பொன்னாடை வாங்கி வைக்கப்படும். சொந்தக்காரர்கள் பட்டுச்சேலையில் முன்வரிசையில் உட்கார்வார்கள். தேறினாரா இல்லையா என்பது பிறகு. வாசலில் 'முனைவர் பட்டம் பெற்ற சகாயராணி அவர்களை வாழ்த்துகிறோம்' என்ற பிளக்ஸ் காலையிலேயே கட்டியாயிற்று. அதில் பொன்னுத்துரையின் தலையும் சகாயராணியின் தலையும் மயிரிழை பிசகாமல் ஒரே அளவு. கட்டிய பிராங்கிளின் கேசரி கிடைக்கும் என்ற நம்பிக்கையில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஒல்லியான மனிதர். வழக்கத்துக்கு மாறாக ஒரு காரியம் செய்திருந்தார்: ஆய்வேட்டைப் படித்திருந்தார். சகாயராணி பேச எழுந்ததும் கரண்டு போனது. சிலைடு காட்டும் ஓ.எச்.பி. கருவி கண்ணை மூடியது. ஜெனரேட்டர் இருந்தது, முதல்வர் அறை ஏ.சி.க்கு மட்டும்.

"பரவாயில்லம்மா" என்றார் தேர்வாளர். "படம் ஆய்வேட்டுலயே இருக்கே. நூத்திப் பன்னெண்டாம் பக்கம். மேல இருக்கறதுக்கும் கீழ இருக்கறதுக்கும் விரிவு இருக்குன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா சார்."

தேர்வாளர் பையிலிருந்து ஒரு ஸ்கேலை எடுத்தார். "மேல் வட்டம் பத்து சென்டிமீட்டர். கீழ் வட்டமும் பத்து சென்டிமீட்டர். ஏன்மா, எங்க விரிஞ்சிருக்கு?"

சகாயராணி பக்கத்தைப் பார்த்தார். வட்டமும் வட்டமும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி அவரைப் பார்த்தன.

"வெளிநாட்டுக் கட்டுரையில வந்த முடிவப் பாத்து எண்களப் போட்டுட்டீங்களோன்னு எனக்கு ஒரு சந்தேகம்" என்றார் தேர்வாளர், குரலை உயர்த்தாமல். "அப்படின்னா நான் இதுல கையெழுத்துப் போட முடியாது."

சகாயராணி நெறியாளரைப் பார்த்தார். ஏழு வருஷத்தில் முதன்முறையாக அவரிடம் ஏதாவது ஒரு வார்த்தையை எதிர்பார்த்தார். பொன்னுத்துரை கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நானும் அப்பவே சொன்னேன் சார், 'கொஞ்சம் பாத்துச் செய்யுங்கம்மா'ன்னு. பகுதிநேர ஆளுங்க, பாருங்க, வீட்டு வேலையும் இருக்கும்."

முன்வரிசையில் ஆண்டனிராஜ் கண்ணை மூடிக்கொண்டார். மனைவியை அறிந்தவர்.

முப்பது வருஷத்துக் கோபம் முழுவதும் அந்த ஒரு நிமிஷத்தில் ஒன்றுசேர்ந்தது. சிஸ்டர் போடவைத்த முட்டி, பாதியில் நின்ற கோப்பு, இழுப்பறை, காதுகுத்து, 'வீட்டு வேலை'. சாதாரண ஆளாக இருந்தால் கத்தியிருப்பார், அல்லது அழுதிருப்பார். சகாயராணி மேசைக்குப் போய்த் தேர்வாளர் கையிலிருந்த ஸ்கேலை வாங்கினார். வாங்கினார் என்பது மரியாதைக்காக. பிடுங்கினார் என்பதே சரி.

"சார், வட்டத்த விடுங்க. சுத்தியிருக்கிற புள்ளியப் பாருங்க. இந்த ரெண்டும் நகராத புள்ளி. மேல் படத்துல இதுக்கும் அதுக்கும் நடுவுல அளங்க."

தேர்வாளர் ஸ்கேலைத் திரும்ப வாங்கி, குனிந்து அளந்தார். "பன்னெண்டு சென்டிமீட்டர்."

"இப்பக் கீழ. அதே ரெண்டு புள்ளி."

தேர்வாளர் அளந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி அளந்தார். "பதினொண்ணு புள்ளி ஒம்போது. ஒரு மில்லி குறையுதே."

"அப்ப என்ன அர்த்தம் சார்? ஆறு வருசத்துல வானமே சுருங்கிப்போச்சா?" சகாயராணியின் குரல் கூடத்தைத் தாண்டி முதல்வரின் ஏ.சி. வரைக்கும் போனது. "வானம் சுருங்காது சார். யாரோ சுருக்கியிருக்கான். வானத்தச் சுருக்குற ஆளு இந்தத் திண்டுக்கல்லுல ஒருத்தன்தான் இருக்கான். ஏலே பிராங்கிளின்! எந்திரிலே!"

பின்வரிசையில் மிக்சர் பொட்டலத்தோடு பிராங்கிளின் எழுந்தான்.

"நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல என்னலே பண்ணுன?"

"நல்லதுதான் மேடம் பண்ணுனேன்." அவன் குரலில் துளிக் குற்றவுணர்ச்சி இல்லை. "கீழ் படம் ஒரு மில்லி பெருசா இருந்துச்சு. நீங்க அவசரத்துல கவனிக்கல. அப்பிடியே விட்டா நாலு பேரு என்ன நெனைப்பாங்க? தொண்ணூத்தொம்போது பர்சென்ட்டுப் போட்டேன். ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி ஒக்காந்துருச்சு."

"ஒரு மில்லின்னு எப்படிப்பா சொல்றே?" என்றார் தேர்வாளர்.

"அளந்தேன் சார். நான் ஒரு மில்லி தப்பு விட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்." வாயைத் திறந்து பல் போன இடத்தைச் சபைக்குக் காட்டினான். "இந்தா, இதுதான் ஆகும்."

தேர்வாளர் சிரிக்கவில்லை. அதுதான் அந்த மனிதரிடம் சகாயராணிக்குப் பிடித்தது. படத்தையும் ஸ்கேலையும் பார்த்து, காகித ஓரத்தில் ஒரு கணக்குப் போட்டார். புள்ளிகளின் இடைவெளி குறைந்த விகிதத்துக்குப் படத்தைப் பெரிதாக்கினால் கீழ்வட்டம் ஒரு மில்லிமீட்டர் வெளியே வந்தது. ஆய்வேட்டில் எழுதியிருந்த எண்ணும் அதுவே.

"புள்ளியப் பொருத்தித்தான் பாத்திருக்கணும். நான் வட்டத்த மட்டும் அளந்தேன். என் தப்பு" என்றார். பிறகு, "வடக்குப் பக்கம் ஏன் மெதுவா போகுது, சொல்லுங்க" என்றார்.

அதற்குப் பதில் வெகு நேரம் நடந்தது. முன்வரிசைப் பட்டுச்சேலைகள் தூங்கின. ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு பேர் மட்டும் அடர்ந்த வாயுவைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சகாயராணி கோபமாகத்தான் பேசினார். ஆனால் அப்படிப்பட்ட கோபத்துக்கு ஒரு ஆள் கிடைப்பது அவர் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. முடிவில் தேர்வாளர் எழுந்து, அந்த ஒரு பக்கத்தைத் திருத்தி எல்லாப் பிரதியிலும் மாற்ற வேண்டும் என்ற நிபந்தனையோடு பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாகச் சொன்னார். கைதட்டல். தூங்கியவர்கள் எழுந்து பலமாகத் தட்டினார்கள்.

பொன்னுத்துரை மைக்கைப் பிடித்தார். கரண்டு இல்லாத மைக். "இந்த அளவீட்டை நாங்கள் எடுக்கப் பட்ட பாடு..."

"நாங்க இல்ல சார். நான்" என்றார் சகாயராணி.

பொன்னாடை தட்டில் காத்திருந்தது. வழக்கப்படி அதை எடுத்து விரித்தார். பொன்னுத்துரை கழுத்தை நீட்டி, போட்டோவுக்கு வாகாகத் திரும்பி நின்றார். சகாயராணி அவரைத் தாண்டிப் போய், மூலையில் கண்மூடிக் கிடந்த ஓ.எச்.பி. கருவியின் மேல் பொன்னாடையைப் போர்த்தி, நான்கு முனையையும் இழுத்துச் சரிசெய்தார்.

"என்னம்மா இது?" என்றார் பொன்னுத்துரை.

"இதாவது கரண்டு வந்தா வேலை செய்யும் சார்."

மறுநாள் ஷைனி கிராபிக்ஸில் அந்தப் பக்கம் மறுபடி அச்சானது. சகாயராணி பிராங்கிளினின் முதுகுக்குப் பின்னால் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டார். மூலப் படத்தை ஏற்றினான். புள்ளியோடு புள்ளி பொருந்தியது. கீழ்வட்டம் தன் ஒரு மில்லிமீட்டரை மீட்டுக்கொண்டு, தெற்கே கொஞ்சம் தாராளமாக, வடக்கே முட்டிக்கொண்டு நின்றது.

பிராங்கிளினின் கை மறுபடி சுட்டெலிக்குப் போனது.

"மேடம், துருத்திக்கிட்டு நிக்குது மேடம். என்னால கண்ணால பாக்க முடியல. லேசா, ஒரே ஒரு..."

"கையி அதுல பட்டுச்சு, கீழ்வரிசைப் பல்லு இருக்காது" என்றார் முனைவர் சகாயராணி. "துருத்தட்டும். அச்சடிலே."